சமையலறை அலமாரிக்கு இரண்டு நிறம்: எதை மேலே, எதைக் கீழே?

கேள்வி: எங்கள் சமையலறை 10 அடிக்கு 8 அடி. எல் வடிவ மேடை. கருப்பு கிரானைட் போட்டாயிற்று. தரையில் வெளிர் பழுப்பு டைல்ஸ், மேடைக்கு மேல் 2 அடிக்கு வெள்ளை டைல்ஸ். அடுப்பு கிழக்குச் சுவரில். சிங்க் வடக்குச் சுவரில், சின்ன ஜன்னலுக்குக் கீழே. இரண்டு சுவரிலும் 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண் இருக்கிறது. ஆசாரி மைக்கா கேட்லாக்கைக் கொடுத்து இரண்டு நிறம் சொல்லுங்கள் என்கிறார். மகளுக்கு நேவி ப்ளூவும் வெள்ளையும் வேண்டுமாம். அழுக்கு தெரியாமல் இருக்க எல்லாமே அடர் நிறமாகப் போடு என்கிறார் மாமியார். கணவருக்கு மர நிறம். எங்களுக்கு போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். எந்த நிறத்தை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது? பரணுக்கு என்ன நிறம்? பளபளப்பா, மேட்டா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் அலமாரிக்கும் பரணுக்கும் ஒரே மங்கிய வெள்ளை. கீழே நடுத்தர மர நிறம். அது பிடிக்காவிட்டால் சாம்பல் கலந்த பச்சை. மேலும் கீழும் பளபளப்பு வேண்டாம், மேட் போலப் பளபளப்பு அடங்கிய ஸ்வேட் ஃபினிஷ் போதும். பெரும்பாலான கேட்லாக்குகளில் எண்ணுக்குப் பக்கத்தில் எஸ்எஃப் என்று போட்டிருப்பது அதுதான். வீட்டில் மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்கிறார்கள் என்பதால், ஏன் இந்த விடை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்லாக்கைப் பிரிப்பதற்கு முன்னால் சமையலறையில் நின்று எண்ணிப் பாருங்கள். மேடை கருப்பு, தரை வெளிர் பழுப்பு, சுவர் டைல்ஸ் வெள்ளை. மூன்று நிறம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள் இப்போது தேர்ந்தெடுக்கப்போவது நான்காவதும் ஐந்தாவதும். படத்தில் பிரமாதமாக இருக்கும் ஜோடி நம் வீட்டில் எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கை விட்டதுதான் காரணம். அந்தப் படத்தில் மேடை வெள்ளைக் கல்லாக இருக்கும், ஜன்னல் ஆள் உயரத்துக்கு இருக்கும். நம்முடையது கருங்கல், ஜன்னலும் சின்னது.

மாமியார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அடர் நிறம் அழுக்கை மறைக்கும்தான், அந்த அழுக்கும் அடர் நிறமாக இருந்தால். நம் சமையலறையில் சிந்துகிறவை என்னென்ன? இட்லி மாவு, கோதுமை மாவு, தேங்காய்ப்பால், பொங்கி வழிந்த பால், சோற்றுக் கஞ்சி. எல்லாமே வெள்ளை. அதற்கு மேல் உங்கள் போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டாக அப்படியே தங்கிவிடும். சிங்குக்குக் கீழே இருக்கும் கதவில் கை உதறும்போது ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு தெறிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். அது கருநீலமாகவோ கருப்பாகவோ இருந்தால், காலையில் துடைத்த கதவு மதியத்துக்குள் சுண்ணாம்பு தெளித்தது போல இருக்கும்.

மறுபக்கம் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சாம்பார், தாளிப்பு எண்ணெய். இவை வெள்ளைக் கதவுக்குப் பகை. கீழ்க் கதவுகளில் இரண்டு வகையும் விழும். அடர் நிறமும் சரிப்படாது, வெள்ளையும் சரிப்படாது என்பதால்தான் கீழே நடுத்தரம். அதிலும் மரக்கோடு உள்ள மைக்கா என்றால் கோடுகளுக்கு நடுவே சொட்டுக்கறை சட்டென்று கண்ணில் படாது. உங்கள் கணவரின் விருப்பத்துக்கு இங்கே காரணமும் பொருந்துகிறது.

அப்படியென்றால் மேலே மட்டும் வெள்ளை எப்படிச் சரி என்று கேட்பீர்கள். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழும் எண்ணெய் ஆவி மேலேதானே போகிறது? உண்மைதான். சிம்னி இருந்தாலும் அதன் இரு பக்கமும் ஒன்றரை அடிக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் படியும். அதன்மேல் தூசி ஒட்டும். வெள்ளையில் அது இரண்டு வாரத்திலேயே மங்கலாகத் தெரிந்துவிடும், நீங்களும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுவீர்கள். அடர் நிறத்தில் மாதக்கணக்கில் தெரியாது. தெரியும்போது அது பிசினாகக் கெட்டிப்பட்டிருக்கும். அதைச் சுரண்டப் பச்சை நாரை எடுத்தால் மைக்காவின் மேல்பரப்பு கீறிப்போகும். சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் நிறம் மேலே இருப்பது நல்லது என்பது என் கட்சி. தவிர, சின்ன ஜன்னல் உள்ள அறையில் கண் மட்டத்துக்கு மேலே அடர் நிறம் போட்டால் மதியத்திலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

மஞ்சள் கறையைப் பற்றி ஒரு விஷயம். வெள்ளைக் கதவில் பட்ட மஞ்சளைத் துணி சோப்பு போட்டுத் துடைத்ததும் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் ஒரு சொட்டு சமையல் எண்ணெயைத் தடவி ஐந்து நிமிடம் விட்டு, பஞ்சால் எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் துடையுங்கள். மிச்சமிருக்கும் சாயல் வெயில் பட்டால் வெளுக்கும். ஆனால் வடக்கு ஜன்னலில் உங்களுக்கு நேர் வெயில் கிடைப்பது அரிது. அதை நம்பிக் கறையை விட்டுவைக்காதீர்கள்.

இனி நிறங்களுக்குள் இருக்க வேண்டிய இடைவெளி. இரண்டு நிறம் என்றால் நீலம், பச்சை என்று பெயர் வேறுபட்டால் போதும் என்று நினைக்கிறோம். கண்ணுக்கு முதலில் தெரிவது வெளிச்சம், இருட்டு வித்தியாசம்தான். நடுத்தர சாம்பலையும் நடுத்தர பச்சையையும் மேலும் கீழும் போட்டால், விளக்கொளியில் இரண்டும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். கடைக்காரர் ஒரு ஷீட்டைத் தவறாகக் கொடுத்துவிட்டாரோ என்று தோன்றும். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கிரானைட் மேல் மாதிரித் துண்டுகளை நிறுத்தி, தரையும் தெரியும்படி மொபைலில் படம் எடுங்கள். அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கீழ்க் கதவின் துண்டு கிரானைட்டோடும் ஒட்டிப்போகக் கூடாது, தரையோடும் ஒட்டிப்போகக் கூடாது, மேல் கதவின் வெள்ளையிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் நேவி ப்ளூ துண்டு இந்தப் படத்தில் கிரானைட்டோடு கரைந்துவிடும். மேடையும் கதவும் ஒரே கருப்புப் பெட்டியாகத் தெரியும். வெளிர் ஓக் நிறம் எடுத்தால் தரையோடு கரையும், கீழ் அலமாரி தரையிலிருந்து முளைத்தது போல இருக்கும். நடுத்தரத் தேக்கோ, சிவப்பு ஏறாத வால்நட்டோ இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

மர நிறம் எடுப்பதில் வழக்கமாக ஒரு சறுக்கல் உண்டு. ஹாலில் இருந்து பார்த்தால் சமையலறை தெரியும் வீடாக இருந்து, நிலையும் கதவும் பாலிஷ் போட்ட தேக்காக இருந்தால், அதே தேக்கு நிறத்தில் மைக்கா தேடுவார்கள். முழுசாக ஒத்துப்போகாது. கிட்டத்தட்ட ஒத்துப்போவதுதான் பார்க்க மோசம். போலி போலி என்று கத்தும். நிலையின் நிறத்திலிருந்து இரண்டு படி தள்ளி எடுங்கள். அது செம்மஞ்சள் என்றால் இது பழுப்பு, அது வெளிர் என்றால் இது சற்று ஆழம்.

வெள்ளைதான் இதில் ரொம்பக் கஷ்டமான நிறம். ஃப்ராஸ்டி ஒயிட், ஆஃப் ஒயிட், ஐவரி என்று பெயர் இருக்கும். ஒரு கம்பெனியின் ஆஃப் ஒயிட் இன்னொரு கம்பெனியின் ஐவரியாக இருக்கலாம். பெயரை நம்பாதீர்கள். உங்கள் தரை மஞ்சள் சாயல் கொண்டது. நீலச் சாயல் அடிக்கும் தூய வெள்ளையை மேலே போட்டால், தரை துடைக்காத தரை மாதிரி தெரியும். சரி, நல்ல க்ரீம் நிறமாகப் போடலாம் என்று போனால், சுவர் டைல்ஸ் வெள்ளைக்குப் பக்கத்தில் அலமாரி பழசாகி மஞ்சள் ஏறியது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவில், டைல்ஸை விட ஒரே ஒரு படி மங்கிய வெள்ளைதான் உங்களுக்கு வேண்டியது. துண்டை டைல்ஸில் ஒட்ட வைத்துப் பார்க்காமல் இதைச் சொல்லவே முடியாது. டைல்ஸும் அலமாரியும் கிட்டத்தட்ட ஒரே வெள்ளையாக வந்தால் நல்லதுதான். மேல் பாதி முழுக்க ஒரே வெளிச்சமாகி, அறை அகலமாகத் தெரியும்.

மகளின் நேவியை ஒரேயடியாக மறுக்க மனமில்லை. கீழே நேவிதான் என்று முடிவானால் சில நிபந்தனைகள். கருப்பை ஒட்டிய நீலம் வேண்டாம், சாம்பல் கலந்து ஒரு படி வெளுத்த நீலத்தை எடுங்கள். கிரானைட்டுக்கும் கதவுக்கும் இடையே நீளப் பட்டையாக ஓடும் அலுமினிய ப்ரொஃபைல் ஹேண்டில் வைத்தால் கருப்பும் நீலமும் ஒட்டிக்கொள்ளாமல் ஒரு வெள்ளிக்கோடு பிரிக்கும். மேல் அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டை கட்டாயம். சிங்க் கதவைத் தினமும் இரவில் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்பு படிந்துவிட்டால், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை துடையுங்கள். வினிகர் கிரானைட்டில் பட விடாதீர்கள், கருப்பு பாலிஷ் மங்கும். இதையெல்லாம் செய்ய மகள் ஒப்புக்கொண்டால் நேவி போடலாம். இல்லாவிட்டால் சாம்பல் பச்சைதான் அவளுக்கும் வீட்டுக்கும் பொது. வெறும் மர நிறம் பழைய பாணி என்று நினைப்பவர்களுக்கு அது பிடிக்கும். உப்புக்கறையும் மாவும் அதில் பாதிகூடத் தெரியாது.

இப்போது வெளிச்சம். மைக்கா கடையில் மஞ்சள் ஸ்பாட் விளக்கு இருக்கும். உங்கள் சமையலறையில் அநேகமாக 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை ட்யூப். ஒரு விளக்கில் ஜோடி சேர்ந்த இரண்டு நிறம் இன்னொரு விளக்கில் சண்டை போடும். வடக்கு ஜன்னலின் வெளிச்சமும் நீலம் கலந்ததுதான். இரண்டு நீலமும் சேர்ந்தால் மர நிறம் செத்துப்போய் சாம்பலாகத் தெரியும். ட்யூபை மஞ்சள் சற்று ஏறிய 4000 கெல்வினுக்கு மாற்றினால் மரமும் சாகாது, காய்கறியின் நிறமும் மாறாது. விளக்கை முதலில் மாற்றிவிட்டு நிறம் பாருங்கள். நிறம் முடிவு செய்த பிறகு விளக்கை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்லாக்கில் ஒட்டியிருக்கும் தீப்பெட்டி அளவுத் துண்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சின்னத் துண்டில் வெளிர் நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும், மரக்கோடு முழுசாகத் தெரியவே தெரியாது. மூன்று, நான்கு எண்களைக் குறைந்தது ஒரு அடித் துண்டாக வாங்கி வாருங்கள். மேடையில் படுக்க வைக்காமல், கதவு நிற்கப்போகும் இடத்தில் கதவு போலவே நிறுத்தி வையுங்கள். காலை 7 மணி, மதியம், இரவு ட்யூப் வெளிச்சம் என்று மூன்று நேரம் பாருங்கள். பிறகு அந்தத் துண்டுகளை வதைக்க வேண்டும். மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து ஒரு மூலையில் தடவி ராத்திரி முழுக்க விடுங்கள். இன்னொரு மூலையில் போர் தண்ணீரைத் தெளித்துத் துடைக்காமல் காய விடுங்கள், அதன்மேல் மறுபடி தெளியுங்கள், நாலைந்து தடவை. எண்ணெய்க் கையால் நடுவில் ஒரு தடவை அழுத்துங்கள். மறுநாள் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் எந்த எண் உங்கள் வீட்டுக்கு ஏற்றது என்று அதுவே சொல்லிவிடும்.

ஃபினிஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பளபளப்பான மைக்கா ஜன்னல் வெளிச்சத்தை அப்படியே பிரதிபலிக்கும். ஆசாரி கையால் ஒட்டியதில் இருக்கும் மேடு பள்ளமெல்லாம் அலையலையாகத் தெரியும். அடர் நிறம் பளபளப்பாக இருந்தால் விரல் ரேகை வேறு. நேர் எதிராக, தொட்டால் மரத்தின் வரி கைக்குத் தெரியும் அளவுக்கு ஆழமான டெக்ஸ்சர் அடுப்புக்குப் பக்கத்தில் கூடாது. அந்தப் பள்ளத்தில் எண்ணெயும் மஞ்சளும் இறங்கினால் துணி எட்டாது. அக்ரிலிக் அழகுதான், ஆனால் பச்சை நாரும் தின்னரும் அதற்கு ஆகாது. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீட்டில் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

பரணுக்கு மூன்றாவது நிறம் போடவே வேண்டாம். தரை, மரம், கருப்பு, டைல்ஸ், மேல் அலமாரி, பரண் என்று ஏற்கெனவே ஆறு பட்டை இருக்கிறது. ஒரே வெள்ளையில் மேல் அலமாரியும் பரணும் சேர்ந்தால் ஒரு பட்டை குறையும். அதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பரண் கதவுகளின் செங்குத்து இணைப்பும் கீழே உள்ள அலமாரிக் கதவுகளின் இணைப்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். மேலே 2 அடிக் கதவு, கீழே ஒன்றரை அடிக் கதவு என்று விட்டால் கோடுகள் தாறுமாறாக ஓடும், எந்த நிறம் போட்டாலும் சரியாக வராது. இன்னொன்று பரண் பலகையின் முகப்பு. அந்த 3, 4 அங்குல கான்கிரீட் விளிம்பு வெறும் பூச்சாக நடுவில் நின்றால் வெள்ளை இரண்டாகப் பிளந்துவிடும். பரண் கதவை அந்த விளிம்பை மூடும்படி கீழே இறக்கச் சொல்லுங்கள், அல்லது அதே மைக்கா ஒட்டிய பட்டையால் மூடச் சொல்லுங்கள்.

நிறம் சரியாக அமைந்தும் வேலை கெட்டுப்போவது ஓரங்களில்தான். ஆசாரியிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டிய இடம் இது. கீழ் அலமாரியின் பெட்டி உள்ளே வெள்ளையாக இருக்கும்; இருக்கட்டும், பொருள் தேட வசதி. ஆனால் பெட்டியின் முன்விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்டும் வெள்ளையாக இருந்தால், கதவுகளுக்கு இடையே விடும் 3 மில்லிமீட்டர் சந்து வழியாக ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு வெள்ளைக்கோடு எட்டிப் பார்க்கும். மர நிறத்தில் அது பல் இளிப்பது போல இருக்கும். முன்விளிம்புக்கு மட்டும் கதவின் நிறத்திலேயே எட்ஜ் பேண்ட் வேண்டும்.

வெள்ளைக் கதவுக்கு வேறு சிக்கல். மைக்காவின் மேல்தாள்தான் வெள்ளை. அடியில் இருப்பது பிசினில் ஊறிய பழுப்புக் காகிதம். ஆசாரி முதலில் கதவின் விளிம்பில் பட்டை ஒட்டிவிட்டு அதற்கப்புறம் முகத்தில் 1 மில்லிமீட்டர் மைக்காவை ஒட்டினால், பக்கவாட்டில் பார்க்கும்போது கதவைச் சுற்றி ஒரு பழுப்புக்கோடு தெரியும். மர நிறத்தில் அது மறைந்துவிடும், வெள்ளையில் மறையாது. முகத்தில் மைக்காவை முதலில் ஒட்டி, அதையும் சேர்த்து மூடும்படி எட்ஜ் பேண்டைக் கடைசியாக ஒட்ட வேண்டும். கதவுக்கு 2 மில்லிமீட்டர் பேண்ட், பெட்டிக்கு 0.8 போதும்.

மேல் அலமாரியின் அடிப்பலகை ஹால் சோபாவில் உட்கார்ந்தால் நன்றாகவே தெரியும். அதற்கும் வெளி வெள்ளை வேண்டும். வரிசை முடியும் இடத்தில் தெரியும் பக்கப்பலகைக்கு அந்தந்தக் கதவின் நிறம். தரையோரத்தில் 4 அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு வெள்ளை கூடவே கூடாது. மாப் தண்ணீர் ஒரு மாதத்தில் அதைக் கெடுத்துவிடும். மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கிரானைட் இருந்தால் அதையே ஸ்கர்ட்டிங்காகப் போடலாம், பிளைவுட் தண்ணீர் குடித்து உப்புவதும் நிற்கும். ஃபிரிட்ஜ் பக்கம் தரையிலிருந்து பரண் வரை ஓடும் உயர அலமாரி ஏதாவது வைத்தால், அதை நடுவில் இரண்டு நிறமாக வெட்டாமல் முழுக்க மர நிறத்திலேயே விடுங்கள்.

இனி எத்தனை ஷீட் என்ற கணக்கு. ஆசாரிகள் சதுர அடியைக் கூட்டி 32-ஆல் வகுத்துச் சொல்வார்கள். அது பாதி நேரம் தப்பும். ஏனென்றால் ஷீட் 8-க்கு 4 அடி, அதில் மரக்கோடு 8 அடி நீளவாக்கில் ஓடுகிறது. உங்கள் மேடையில் மூலையைக் கழித்தால் முகப்பு 8 அடியும் 6 அடியுமாக 14 அடி, அதாவது 168 அங்குலம். கதவின் உயரம் 28 அங்குலம் என்று வைப்போம். மரக்கோடு மேலிருந்து கீழாக வர வேண்டுமென்றால், ஒரு ஷீட்டின் 96 அங்குலத்தில் 28 வீதம் மூன்று வரிசை கிடைக்கும். ஒவ்வொரு வரிசையும் 48 அங்குல அகலம். 168 அங்குலத்துக்கு நாலு வரிசை போதும். இரண்டு ஷீட்டில் ஆறு வரிசை இருப்பதால், பக்கப்பலகை இரண்டுக்கும் ஒரு வரிசை போக ஒரு வரிசை மிஞ்சும். கதவுகள் எல்லாம் 18 அங்குல அகலமாக அமைந்தால் வரிசைக்கு இரண்டுதான் வெட்ட முடியும், 12 அங்குலம் வீண். அப்போது இரண்டு ஷீட்டும் துளி மிச்சமில்லாமல் தீரும். மரக்கோடு படுக்கையாக வேண்டுமென்றால் 48 அங்குலத்தில் 28-ஐ வெட்டியதும் 20 அங்குலப் பட்டைதான் மிஞ்சும். டிராயர் முகப்புக்கு உதவும், முழுக் கதவுக்கு உதவாது. அப்போது மூன்றாவது ஷீட் வேண்டியிருக்கும். கோடு செங்குத்தா படுக்கையா என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதனால்தான். உங்களுக்குச் செங்குத்தே நல்லது; கதவு உயரமாகவும் தெரியும்.

மேலே, ஜன்னலும் சிம்னியும் போக அலமாரி 11 அடி வரும், பரண் 14 அடி. கதவு 26 அங்குல உயரம் என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஏழு வரிசை, மூன்று ஷீட்டில் அடங்கும். வெள்ளையில் கோடு இல்லாததால் துண்டுகளைத் திருப்பியும் வெட்டலாம். பரணுக்குத் தனி நிறம் போட்டிருந்தால், மேல் அலமாரியின் அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேர்ந்து மேலே மட்டும் நாலு ஷீட் ஆகியிருக்கும், இரண்டு நிறத்தில் அரைகுறைத் துண்டும் மிஞ்சியிருக்கும்.

ஆக வெள்ளை 3, மர நிறம் 2. மர நிறத்தில் ஒன்று கூடுதலாக வாங்குவதே என் யோசனை. ஒரு கதவு வெட்டுத் தப்பினால், பத்து நாள் கழித்து அதே எண்ணில் வாங்கும் ஷீட் வேறு பேட்ச்சாக இருந்து நிறம் மயிரிழை மாறலாம். கதவுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது அந்த மயிரிழை தெரியும். எல்லா ஷீட்டையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குங்கள். பில்லில் நிறத்தின் பெயரோடு எண்ணும் ஃபினிஷ் குறியீடும் இருக்க வேண்டும். அதே எண் எஸ்எஃப்-இல் ஒரு மாதிரியும் பளபளப்பில் வேறு மாதிரியும் இருக்கும்.

ஹேண்டில் இரண்டு நிறத்தையும் சேர்த்துக் கட்டும் சாமான். மேலும் கீழும் ஒரே உலோகம், ஒரே வடிவம். மேல் கதவில் ஹேண்டில் வைக்காமல் அடிவிளிம்பைப் பிடித்துத் திறக்கும்படி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. வெள்ளைக் கதவில் அது வேண்டாம். மசாலாக் கை தினமும் அதே நாலு அங்குலத்தில் படும். துளைக்குத் துளை 96 அல்லது 128 மில்லிமீட்டர் உள்ள சாதாரண ஹேண்டில் போதும். பின்னால் மாற்ற நினைத்தாலும் அதே அளவில் எங்கும் கிடைக்கும், பழைய துளையும் வீணாகாது.

வேலை முடிந்து ஆசாரி கிளம்பும்போது மிச்சத் துண்டுகளைக் குப்பையில் போட விடாதீர்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கதவு அளவுக்கு ஒரு துண்டும், எட்ஜ் பேண்டில் 5 மீட்டரும் எடுத்துவைத்து, பின்பக்கம் எண்ணையும் கடையின் பெயரையும் பேனாவால் எழுதி, பரணில் படுக்கை வாட்டில் போட்டுவையுங்கள். முதலில் பழுதாவது சிங்குக்குக் கீழே உள்ள கதவாகத்தான் இருக்கும். அன்றைக்கு அந்த எண் கேட்லாக்கிலேயே இல்லாமல் போயிருக்கலாம்.